மார்பகப் புற்றுநோய்: சிகிச்சை, மார்பக மீளமைப்பு, பிந்தைய வாழ்க்கை

மார்பகப் புற்றுநோய் என்பது மார்பகத்திலுள்ள பால் சுரப்பிகளிலோ பால் நாளங்களிலோ உள்ள உயிரணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதால் உண்டாகும் நோயாகும். உலக அளவில் பெண்களை மிகுதியாகப் பாதிக்கும் புற்றுநோய் இதுவே. 2022ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 23 இலட்சம் பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது; ஏறத்தாழ 6.7 இலட்சம் பேர் இறந்தனர். அதே ஆண்டில் இந்தியாவில் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் ஏறத்தாழ 1.9 இலட்சம் பேர். ஆண்களுக்கும் இந்நோய் வரலாம். ஆனால் மொத்த நோயாளிகளில் அவர்கள் சுமார் நூற்றில் ஒருவர் அல்லது அதற்கும் குறைவு.

தொடக்க நிலையில் கண்டறியப்பட்டால் பெரும்பாலோர் குணமடைந்து நெடுங்காலம் வாழ்கின்றனர். எனினும் "மார்பை எடுத்துவிடுவார்கள்" என்ற அச்சத்தால் கட்டியை மாதக்கணக்கில் மறைத்து வைப்போர் நம்மிடையே பலர் உள்ளனர். இன்றைய மருத்துவத்தில் மார்பகத்தை முழுவதும் அகற்றுவது பல வழிகளுள் ஒன்று மட்டுமே. எந்த வழி யாருக்குப் பொருந்தும், அகற்றிய மார்பகத்தை எவ்வாறு மீண்டும் அமைக்கலாம், சிகிச்சைக்குப் பின் உடலையும் மனத்தையும் எவ்வாறு பேணலாம் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

நோயைக் கண்டறிதல்

மார்பகத்திலோ அக்குளிலோ வலியற்ற கட்டி, தோல் ஆரஞ்சுப் பழத்தோல் போல் குழிவிழுதல், காம்பு உள்ளிழுத்துக்கொள்ளுதல், காம்பிலிருந்து இரத்தம் கலந்த நீர் கசிதல், ஒரு மார்பகத்தின் அளவோ வடிவமோ மாறுதல் ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகளாகும். கட்டி வலிக்கவில்லை என்பதாலேயே பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. மார்பகக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல; ஆயினும் எது எது என்பதைச் சோதனையின்றிக் கூற முடியாது.

மருத்துவர் கையால் பரிசோதித்தல், மேமோகிராம் எனப்படும் ஊடுகதிர்ப் படம் அல்லது அல்ட்ராசவுண்டு, ஊசி மூலம் சிறு துணுக்கு எடுத்துச் செய்யப்படும் திசு ஆய்வு ஆகிய மூன்றும் சேர்ந்தே நோயை உறுதிசெய்கின்றன. "ஊசி பட்டால், கத்தி பட்டால் கட்டி உடம்பெல்லாம் பரவிவிடும்" என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. இதற்கு ஆதாரமில்லை. ஊசித் திசு ஆய்வு உலகெங்கும் வழக்கமாகச் செய்யப்படும் பாதுகாப்பான சோதனை; அதைத் தள்ளிப்போடுவதே ஆபத்தானது.

எடுத்த திசுவில் மூன்று குறியீடுகள் பார்க்கப்படுகின்றன. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி ஆகியவை இருந்தால் அக்கட்டி ஹார்மோன்களின் துணையால் வளர்கிறது என்று பொருள். நோயாளிகளில் பத்தில் ஏறத்தாழ ஏழு பேரின் கட்டி இவ்வகையைச் சேர்ந்தது. மூன்றாவது, ஹெர்2 என்னும் புரதம். மூன்றும் இல்லாத கட்டி மும்மறைக் கட்டி எனப்படுகிறது. சிகிச்சையின் போக்கைத் தீர்மானிப்பதில் கட்டியின் அளவுக்கும் பரவலுக்கும் நிகராக இக்குறியீடுகளுக்கும் பங்குண்டு. அடுத்தடுத்த வீட்டில் இருக்கும் இருவருக்கு ஒரே நோய் என்றாலும் வெவ்வேறு சிகிச்சை தரப்படுவதற்கு இதுவே காரணம்.

அறுவைச் சிகிச்சையின் வரலாறு

மயக்க மருந்து இல்லாத காலத்திலும் மார்பக அறுவைச் சிகிச்சை நடந்துள்ளது. ஆங்கில நாவலாசிரியர் ஃபேனி பர்னி 1811இல் பாரிசில் மயக்க மருந்தின்றி மார்பகத்தை அகற்றிக்கொண்டார். அந்த அனுபவத்தைத் தம் சகோதரிக்குக் கடிதமாக எழுதினார். அதன்பின் 1840 வரை அவர் வாழ்ந்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் முழுமையான அகற்றல் முறையை உருவாக்கினார். புற்றுநோய் கட்டியிலிருந்து படிப்படியாக, அக்கம்பக்கமாகப் பரவுகிறது என்று அவர் கருதினார். எனவே மார்பகத்துடன் அதன் அடியிலுள்ள மார்புத் தசைகளும் அக்குளின் நிணநீர்க் கணுக்களும் ஒன்றாக அகற்றப்பட்டன. ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக்கு இதுவே வழக்கமாக இருந்தது. பெண்கள் பலர் உள்வாங்கிய மார்புடனும் வீங்கிய கையுடனும் வாழ நேர்ந்தது. அமெரிக்காவில் திசு ஆய்வுக்கென மயக்கமருந்து கொடுக்கப்பட்ட பெண், புற்றுநோய் உறுதியானால் அதே மயக்கத்திலேயே மார்பகம் அகற்றப்பட்டு விழித்தெழும் வழக்கமும் இருந்தது. 1974இல் நோய் கண்டறியப்பட்ட பத்திரிகையாளர் ரோஸ் குஷ்னர் இதை எதிர்த்து எழுதினார். சோதனைக்கும் அறுவைக்கும் இடையே முடிவெடுக்கப் பெண்ணுக்கு அவகாசம் வேண்டும் என்பது அவரது வாதம்.

அறிவியல் விடை ஒப்பீட்டு ஆய்வுகளிலிருந்து வந்தது. இத்தாலியின் மிலான் நகரில் உம்பெர்த்தோ வெரோனேசி 1973 முதல் 1980 வரை சிறிய கட்டியுடைய 701 பெண்களை இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவினருக்கு ஹால்ஸ்டெட் முறையும் மறு பிரிவினருக்கு மார்பகத்தின் ஒரு கால்பகுதியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு தரும் முறையும் கையாளப்பட்டன. அமெரிக்காவில் பெர்னார்டு ஃபிஷர் 1976இல் தொடங்கிய ஆய்வில் 1,800க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்றனர். இவ்விரு ஆய்வுகளின் 20 ஆண்டு முடிவுகளும் 2002இல் வெளியாயின. மார்பகத்தை முழுதாக அகற்றியவர்களும் கட்டியை மட்டும் அகற்றியவர்களும் உயிர்வாழும் வாய்ப்பில் வேறுபடவில்லை. ஆனால் ஃபிஷரின் ஆய்வில், கதிர்வீச்சு பெறாதவர்களில் 39 விழுக்காட்டினருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. கதிர்வீச்சு பெற்றவர்களில் அது 14 விழுக்காடு. கட்டியை மட்டும் அகற்றும் முறை கதிர்வீச்சுடன் இணைந்தே முழுமையடைகிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

இன்றைய அறுவைச் சிகிச்சை

இன்று இரு முதன்மை முறைகள் உள்ளன. முதலாவது மார்பகக் காப்பு அறுவை. கட்டியும் அதைச் சுற்றிய சிறிதளவு நல்ல திசுவும் அகற்றப்பட்டு மார்பகம் காக்கப்படுகிறது. இரண்டாவது முழு மார்பக அகற்றல். மார்பகத்தின் பல இடங்களில் கட்டி இருத்தல், மார்பகத்தின் அளவை ஒப்பிடக் கட்டி பெரிதாக இருத்தல், கதிர்வீச்சு பெற இயலாத நிலை, பிஆர்சிஏ மரபணு மாற்றம் போன்ற காரணங்களால் இது பரிந்துரைக்கப்படலாம். சிலர் தாமாகவே இதைத் தேர்ந்தெடுப்பதும் உண்டு. பெரிய கட்டிகளுக்கு முதலில் மருந்து கொடுத்துச் சுருக்கிய பின் அறுவை செய்வதால், மார்பகத்தைக் காக்க முடியாது என்றிருந்தவர்களில் சிலருக்கு அது இயலுகிறது.

அக்குளிலும் இதே மாற்றம் நிகழ்ந்தது. முன்பு நிணநீர்க் கணுக்கள் பெருமளவில் அகற்றப்பட்டன. 1990களில் காவல் கணு ஆய்வு பரவியது. நீல நிறச் சாயமோ கதிரியக்கப் பொருளோ செலுத்தி, மார்பகத்திலிருந்து நிணநீர் முதலில் சென்றடையும் ஒன்றிரண்டு கணுக்கள் மட்டும் எடுக்கப்பட்டுச் சோதிக்கப்படுகின்றன. அவற்றில் நோய் இல்லையெனில் மற்றவை விடப்படுகின்றன. கணுக்களை முழுமையாக அகற்றியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கை வீக்கம் வருகிறது. காவல் கணு ஆய்வு மட்டும் செய்தவர்களில் அது ஏறத்தாழ இருபதில் ஒருவருக்கே.

பிற சிகிச்சைகள்

கதிர்வீச்சு: முன்பு 5 வாரங்கள் தரப்பட்டது. இப்போது பலருக்கு 15 அல்லது 16 முறைகளாக, சுமார் 3 வாரங்களில் முடிக்கப்படுகிறது. வெளியூரிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கிச் சிகிச்சை பெறுவோருக்கு இம்மாற்றம் செலவையும் அலைச்சலையும் பெரிதும் குறைத்துள்ளது. வெளியிலிருந்து தரப்படும் இக்கதிர்வீச்சு உடலில் தங்குவதில்லை. குழந்தைகளை அணைத்துக்கொள்ளத் தடையில்லை.

வேதிச்சிகிச்சை: கீமோதெரபி என்றே வழக்கில் அறியப்படுவது. வேகமாகப் பெருகும் உயிரணுக்களை அழிக்கிறது. முடி உதிர்தல், குமட்டல், வாய்ப்புண், வெள்ளணுக்கள் குறைதல் ஆகியவை பொதுவான பக்க விளைவுகள். முடி மீண்டும் வளரும். சிகிச்சைக் காலத்தில் காய்ச்சல் வந்தால் வீட்டில் காத்திருக்காமல் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும்.

ஹார்மோன் சிகிச்சை: ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மருத்துவர் ஜார்ஜ் பீட்சன் சூலகங்களை அகற்றினால் மார்பகக் கட்டி சுருங்கலாம் என்பதை 1896இல் வெளியிட்டார். இன்று அந்தப் பணியைப் பெரும்பாலும் மாத்திரைகள் செய்கின்றன. டாமாக்சிபென், அரோமடேஸ் தடுப்பிகள் ஆகியவை 5 முதல் 10 ஆண்டுகள் வரை தரப்படுகின்றன. ஹார்மோன் ஏற்பியுள்ள நோயில், 5 ஆண்டு டாமாக்சிபென் மார்பகப் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது.

இலக்கு மருந்துகள்: ஹெர்2 புரதம் மிகுந்த கட்டிகளுக்கு டிராஸ்டுசுமாப் 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இதைப் பெறுவோருக்கு இதயத்தின் செயற்பாட்டை அவ்வப்போது எக்கோ மூலம் கண்காணிக்க வேண்டும். மும்மறைக் கட்டிகளில் சிலவற்றுக்கு நோயெதிர்ப்புச் சிகிச்சையும் பயன்படுகிறது.

மாற்று மருத்துவம்: சான்றுள்ள சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் நாடிய நோயாளிகளைப் பற்றிய அமெரிக்க ஆய்வொன்று 2018இல் வெளியானது. மார்பகப் புற்றுநோயாளிகளில் அத்தகையோர் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 5 மடங்குக்கும் அதிகமாக இருந்தது. துணையாக மூலிகை மருந்து எடுப்பவர்கள் அதைத் தம் புற்றுநோய் மருத்துவரிடம் மறைக்காமல் கூற வேண்டும்.

மார்பக மீளமைப்பு

அகற்றப்பட்ட மார்பகத்தின் வடிவத்தை அறுவை மூலம் மீண்டும் உருவாக்குவது மார்பக மீளமைப்பு ஆகும். ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் வின்சென்ஸ் செர்னி 1895இல் ஒரு பெண்ணின் உடலில் வேறிடத்தில் இருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து மார்பில் பொருத்தினார். இதுவே இத்துறையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது.

செயற்கை உள்வைப்பு: சிலிக்கோன் கூழ் நிரப்பிய உள்வைப்பு முதன்முதலில் 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பொருத்தப்பட்டது. மீளமைப்பில் பலருக்கு முதலில் ஒரு விரிப்பான் பை வைக்கப்படுகிறது. சில வாரங்களுக்கு அதில் உப்பு நீர் சிறிது சிறிதாக நிரப்பப்பட்டுத் தோல் விரிந்தபின் நிலையான உள்வைப்பு பொருத்தப்படுகிறது. அறுவை சிறியது, குணமடையும் காலமும் குறைவு. ஆனால் உள்வைப்பு வாழ்நாள் முழுதும் நிலைக்கும் பொருள் அல்ல. அது கிழியலாம்; சுற்றியுள்ள தழும்புத் திசு இறுகி வலிக்கலாம். கதிர்வீச்சு பெற்றவர்களில் இந்த இறுக்கம் கூடுதல். சொரசொரப்பான மேற்பரப்புடைய உள்வைப்புகளைச் சுற்றி அரிதாக ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் தோன்றுவது அறியப்பட்டதால், 2019இல் அவற்றில் ஒரு வகை உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது.

சொந்தத் திசு: முதுகுத் தசையை மார்புப் பகுதிக்குத் திருப்பிக் கொண்டுவரும் முறையை இத்தாலிய மருத்துவர் இஜினியோ தான்சினி 1906இல் விவரித்தார். 1982இல் அமெரிக்க மருத்துவர் கார்ல் ஹார்ட்ராம்ப் அடிவயிற்றின் தசையையும் கொழுப்பையும் பயன்படுத்தும் முறையை வெளியிட்டார். தசையை எடுப்பதால் வயிற்றுச் சுவர் பலவீனமடைவதைத் தவிர்க்க, பின்னர் தசையை விட்டுவிட்டுத் தோல், கொழுப்பு, இரத்தக் குழாய் ஆகியவற்றை மட்டும் எடுத்து நுண்ணோக்கியின் துணையுடன் மார்பின் குழாய்களோடு இணைக்கும் டீப் முறை உருவானது. இவ்வாறு அமைந்த மார்பகம் மென்மையாக இருக்கும். உடல் எடையோடு சேர்ந்து கூடும், குறையும். ஆனால் அறுவை பல மணி நேரம் நீடிக்கும். இரு இடங்களில் தழும்பு இருக்கும். பயிற்சி பெற்ற நுண்ணறுவை மருத்துவர் வேண்டும். புகைப்பழக்கமும் கட்டுப்பாடற்ற நீரிழிவும் இதன் வெற்றியைக் குறைக்கும்.

மீளமைப்பை மார்பகம் அகற்றும்போதே செய்யலாம். மாதங்களோ ஆண்டுகளோ கழித்தும் செய்யலாம். கதிர்வீச்சு தேவைப்படுமா என்பது இம்முடிவில் முக்கியமானது. ஆகவே முதல் அறுவைக்கு முன்பே புற்றுநோய் மருத்துவரோடு பிளாஸ்டிக் அறுவை மருத்துவரையும் கலந்து பேசுவது நல்லது. மீளமைப்பு நோய் திரும்பும் வாய்ப்பைக் கூட்டுவதில்லை. ஆனால் பழைய தொடுவுணர்வை முழுமையாகத் தருவதுமில்லை. இதை முன்கூட்டியே அறிந்தவர்களுக்கு ஏமாற்றம் குறைவு.

அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மார்பக அகற்றலுக்குப் பணம் தரும் காப்பீடுகள் மீளமைப்பு, வெளிப்புறச் செயற்கை மார்பகம், கை வீக்கச் சிகிச்சை ஆகியவற்றுக்கும் தரவேண்டும் என விதித்தது. மீளமைப்பு அழகுக்கான ஆடம்பரமன்று, சிகிச்சையின் பகுதி என்பதே அச்சட்டத்தின் கருத்து.

மீளமைப்பின்றி வாழ்தல்

மீளமைப்பு கட்டாயமில்லை. உள்ளாடையில் வைக்கும் சிலிக்கோன் செயற்கை மார்பகம் பலருக்குப் போதுமானது. வெயில் மிகுந்த இடங்களில் அது வியர்வையும் எரிச்சலும் தருவதால், பருத்தி நூலால் பின்னப்பட்ட எடை குறைந்தவற்றைச் சிலர் விரும்புகின்றனர். இரவிக்கையின் உட்புறம் பை போன்ற மடிப்பு வைத்துத் தைத்துக்கொள்வதும் எளிய வழியே.

எதையும் அணியாமல் தட்டையான மார்புடன் வாழ்வதும் முழுமையான ஒரு தேர்வுதான். அமெரிக்கக் கவிஞர் ஆட்ரி லார்ட் 1978இல் மார்பகம் அகற்றப்பட்டபின் செயற்கை மார்பகம் அணிய மறுத்தார். அது அணியாமல் வந்தால் மருத்துவரின் அலுவலகத்தில் மனவுறுதி கெடும் என்று செவிலியர் ஒருவர் கூறியதை 1980இல் வெளியான தம் நூலில் அவர் பதிவு செய்துள்ளார். இழப்பை மறைப்பதா வேண்டாமா என்பதை அந்த உடலுக்கு உரியவரே தீர்மானிக்க வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு.

சிகிச்சைக்குப் பின்

தோளும் கையும்: அறுவைக்குப் பின் தோள் இறுகிவிடாமலிருக்க மருத்துவர் கூறும் நாளிலிருந்து பயிற்சிகளைத் தொடங்க வேண்டும். சுவரில் விரல்களை மேல் நோக்கி நடத்துதல், தலைவாருதல், முதுகுப்புறம் கையைக் கொண்டுசெல்லுதல் ஆகியவை எளியவை.

நிணநீர் வீக்கம் அறுவை முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் வரலாம். மோதிரமோ வளையலோ திடீரென இறுகுவது முதல் அடையாளமாக இருக்கலாம். தொடக்கத்திலேயே பிசியோதெரபி, அழுத்த உறை, கட்டு ஆகியவற்றால் கட்டுப்படுத்த முடியும். சமையலிலும் தோட்ட வேலையிலும் வெட்டு, சுடுகாயம் படாமல் அக்கையைக் காக்க வேண்டும். கை சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அது கிருமித்தொற்று. உடனே மருந்து தேவை. அக்கையால் எடை தூக்கவே கூடாது என்று முன்பு கூறப்பட்டது. 1996இல் கனடாவின் வான்கூவர் நகரில் விளையாட்டு மருத்துவர் டான் மெக்கென்சி, இந்நோயிலிருந்து மீண்ட 24 பெண்களைக் கொண்டு டிராகன் படகுக் குழு ஒன்றை அமைத்தார். துடுப்பு வலித்த எவருக்கும் புதிதாகக் கை வீக்கம் வரவில்லை. பின்வந்த ஆய்வுகளும், படிப்படியாகக் கூட்டப்படும் பயிற்சி பாதுகாப்பானது என்றே காட்டின.

மாத்திரைக் காலம்: டாமாக்சிபென் உடல் வெப்ப அலைகளைத் தரலாம்; அரிதாகக் கால் சிரைகளில் இரத்த உறைவும் கருப்பைப் புற்றுநோயும் வரலாம். மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு ஏற்பட்டால் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். அரோமடேஸ் தடுப்பிகளால் மூட்டு வலியும் எலும்புத் தேய்மானமும் உண்டாகலாம். தொல்லை தாளாமல் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடுவோர் பலர். இது நோய் திரும்பும் வாய்ப்பைக் கூட்டும். மருந்தை மாற்றவும் தொல்லைகளைக் குறைக்கவும் வழிகள் இருப்பதால், நிறுத்துமுன் மருத்துவரிடம் பேசுவதே சரி.

குழந்தைப்பேறு: வேதிச்சிகிச்சை சூலகத்தைப் பாதிக்கக்கூடும். குழந்தை வேண்டுவோர் சிகிச்சை தொடங்குமுன்பே கருமுட்டை அல்லது கருவைச் சேமிப்பது பற்றிக் கேட்க வேண்டும். 2023இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்றில், சுமார் 500 இளம்பெண்கள் 18 முதல் 30 மாதங்கள் ஹார்மோன் சிகிச்சை பெற்றபின், கருத்தரிக்க 2 ஆண்டுகள் வரை அதை இடைநிறுத்தினர். ஆய்வு கண்காணித்த குறுகிய காலத்தில் நோய் திரும்புவது அதிகரிக்கவில்லை. மாத்திரை எடுக்கும் காலத்தில் கருத்தரிக்கக் கூடாது. ஹார்மோன் கலந்த கருத்தடை முறைகளும் ஏற்றவையல்ல.

மனமும் குடும்பமும்: சிகிச்சை முடிந்த நாளில் வீட்டார் நிம்மதி அடைகின்றனர், நோயுற்றவருக்கோ பலசமயம் அன்றுதான் அச்சம் தொடங்குகிறது. களைப்பு, மறதி, தூக்கமின்மை, கண்ணாடி பார்க்கத் தயக்கம், தாம்பத்திய உறவில் விலகல் ஆகியவை பலருக்கும் நேர்பவை. கணவரும் அறுவைத் தழும்பைப் பார்ப்பதும், கட்டு மாற்ற உதவுவதும் இத்தயக்கத்தைக் குறைக்க உதவும். மகளின் திருமணம் தடைபடும் என்று நோயை மறைக்கும் குடும்பங்கள் உள்ளன. இந்நோய் தொற்றாது, பரம்பரை மரபணுவால் வருவது நூற்றில் 5 முதல் 10 பேருக்கே. மறைப்பதால் மகளுக்கும் சகோதரிக்கும் தேவைப்படக்கூடிய பரிசோதனையே தவறிவிடுகிறது.

தொடர் கண்காணிப்பு

முதல் சில ஆண்டுகளில் சில மாதங்களுக்கு ஒரு முறையும் பின்னர் ஆண்டுதோறும் மருத்துவரைப் பார்ப்பதோடு, எஞ்சிய மார்பகத்துக்கு ஆண்டுக்கொரு மேமோகிராம் செய்ய வேண்டும். அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு அடிக்கடி உடல் முழுதும் ஸ்கேன் எடுப்பது பரிந்துரைக்கப்படுவதில்லை. தழும்பில் புதிய கட்டி, நீங்காத எலும்பு வலி, தொடர் இருமல், மூச்சுத்திணறல், காரணமற்ற எடைக் குறைவு ஆகியவை இருந்தால் அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்கக் கூடாது. ஹார்மோன் ஏற்பியுள்ள நோய் பத்தாண்டுகளுக்குப் பின்னும் திரும்பலாம் என்பதால் பழைய சிகிச்சை ஆவணங்களைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

தமிழகத்திலும் இலங்கையிலும்

சென்னை அடையாற்றில் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கப்பட்ட புற்றுநோய் மருத்துவமனையில் மருத்துவர் வி. சாந்தா ஆறு பதின்மங்களுக்கும் மேல் பணியாற்றினார். தமிழகத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் புற்றுநோய்ச் சிகிச்சைகளையும் உள்ளடக்கியது. இலங்கையில் மகரகமவிலுள்ள அபேக்ஷா மருத்துவமனை அரசின் இலவசச் சிகிச்சை வழங்கும் தலைமைப் புற்றுநோய் மருத்துவமனையாகும்.

மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை 1.5 இலட்சம் பெண்களிடையே 20 ஆண்டுகள் நடத்திய ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் செய்த மார்பகப் பரிசோதனையே, 50 வயதைக் கடந்த பெண்களில் இந்நோயால் ஏற்படும் இறப்பை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைத்தது. விலையுயர்ந்த கருவிகள் இல்லாத ஊர்களிலும் நோயை முன்கூட்டியே கண்டறிய முடியும் என்பதை இது காட்டுகிறது. சிறிய நிலையில் கண்டறியப்படும் கட்டிக்கே மார்பகத்தைக் காக்கும் வாய்ப்பும், மீளமைப்பு பற்றிப் பொறுமையாக முடிவெடுக்கும் அவகாசமும் மிகுதி. மார்பகத்தை இழப்போமோ என அஞ்சிக் கட்டியை மறைப்பவர், அதைக் காத்துக்கொள்ளக் கிடைத்த வாய்ப்பையே இழக்கிறார்.